ஒரே வாசலுக்கு வரும் ஐந்து பேர்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கோமுகி அணையை ஒட்டி மலையேறும் சாலை கரியாலூர் வழியாக வெள்ளிமலைக்குப் போகிறது. கல்வராயன் மலையின் சிற்றூர்களில் இருக்கும் வயதானவர்களை அரசு எட்டிப் பார்ப்பதே இல்லை என்று இன்று சொல்லிவிட முடியாது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வீடு தேடி வந்து, பிரஷர் பார்த்து, மாத்திரை கொடுக்கிறார். படுக்கையில் கிடப்பவர்களை நோய்த்தணிப்புச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வந்து பார்க்க வேண்டும் என்பதும் அதே திட்டம்தான். 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் ரேஷன் கடை ஊழியர் அரிசியையும் சர்க்கரையையும் முதியவர்களின் வீட்டுக்கே கொண்டுவருகிறார். 2023 ஆகஸ்டில் முதியோர் பென்ஷன் மாதம் 1,200 ரூபாயானது. அதைக் கொடுக்க வங்கி முகவர் கைரேகைக் கருவியோடு வருகிறார். பென்ஷன் மனுவை விசாரிக்க விஏஓ வருகிறார். கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பார்க்க ஊர் சுற்றும் கிராம சுகாதாரச் செவிலியர் எப்படியும் அந்த வாசலைக் கடந்துதான் போகிறார். ஆக, படுக்கையில் இருப்பவர்களுக்காக வருபவர்களைச் சேர்க்காமலே, ஒரே வாசலுக்கு ஐந்து பேர் வருகிறார்கள். ஒருவர் பார்த்தது மற்றவருக்குத் தெரிவதில்லை. முதியோர் நலனுக்கு மலையில் அடுத்து என்ன செய்வது என்று கேட்டால், ஆறாவது ஆளை அனுப்புவதற்கு முன் இந்த ஐந்து பேரையும் ஒன்றாக உட்காரவைத்து, ஒரே முதியவரைப் பற்றிச் சேர்ந்து யோசிக்கப் பழக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை ஒரு கற்பனை நிலையை வைத்துப் பார்க்கலாம். கரியாலூரை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் எழுபத்தைந்து வயது ஆயா ஒருவர் தனியாக இருக்கிறார். பிள்ளைகள் வேலை தேடி வெளியூர் போய்விட்டார்கள். ஆயாவுக்குச் சர்க்கரை நோய். கிளிபென்கிளமைடு வகை மாத்திரை ஒன்றைத் தினமும் போட்டுக்கொள்கிறார். இந்த வகை மாத்திரை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைத்து ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும். சோறு வயிற்றுக்குள் போனாலும் போகாவிட்டாலும் அது தன் வேலையைச் செய்துகொண்டேயிருக்கும். காலமெல்லாம் மண்வெட்டியும் களைக்கொட்டும் பிடித்துத் தேய்ந்துபோன விரல்கள் ஒரு மாதம் கைரேகைக் கருவியில் விழவில்லை. அடுத்த மாதமும் விழவில்லை. பென்ஷன் பணம் கைக்கு வரவில்லை, கடையில் கடன் கிடைக்கவில்லை, மூன்று வேளைச் சாப்பாடு ஒரு வேளையாகிறது. மாத்திரை மட்டும் குறையாமல் வீட்டுக்கு வருகிறது. ஆயாவும் அதை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறார். ஒரு விடியற்காலையில் சர்க்கரை சரிந்து, வியர்த்து, தலைசுற்றி விழுகிறார். இடுப்பெலும்பு முறிகிறது. சுகாதாரத் தன்னார்வலரின் பதிவில் ‘மாத்திரை வழங்கப்பட்டது’ என்றிருக்கும். வங்கி முகவரின் கருவியில் ‘கைரேகை பொருந்தவில்லை’ என்றிருக்கும். மலைக்குக் கீழே உள்ள மருத்துவமனையின் சீட்டில் ‘கீழே விழுந்ததால் இடுப்பெலும்பு முறிவு’ என்றிருக்கும். மூன்றுமே உண்மை. நடந்தது என்ன என்பது மூன்றிலும் இல்லை. பென்ஷன் நின்றுபோன செய்தி மருத்துவருக்குப் போயிருந்தால் அவர் மாத்திரையின் அளவைக் குறைத்திருப்பார். அல்லது இப்படிச் சர்க்கரையைத் திடீரெனச் சரியவைக்காத மெட்ஃபார்மின் போன்ற ஒன்றுக்கு, சிறுநீரகத்தின் நிலை பார்த்து, மாற்றியிருப்பார். மாத்திரையைப் பற்றிய செய்தி வருவாய்த் துறைக்குப் போயிருந்தால், இது ஏதோ ஒரு பயனாளியின் கைரேகைக் கோளாறு என்று கிடப்பில் போடாமல் அவசரமாகச் சரிசெய்திருப்பார்கள்.

முதுமையின் நோய்கள் இப்படித்தான் வரும். இளம் வயதில் வரும் காய்ச்சலுக்குப் பெரும்பாலும் ஒரு காரணம், ஒரு மருந்து. முதியவர் விழுவதற்குப் பின்னால் பார்வைக் குறைவு, காலில் வலுக்குறைவு, மாத்திரை, பட்டினி, இருட்டில் கழிப்பிடத்துக்கு நடக்க வேண்டிய தூரம் எல்லாம் சேர்ந்திருக்கும். மறதி என்று எல்லோரும் சொல்வது சில சமயம் காது கேளாமை. சில சமயம் மூத்திரத் தொற்றால் வந்த தற்காலிகக் குழப்பம். சில சமயம் துணையை இழந்த துக்கம். இந்தக் காரணங்களில் பாதி மருத்துவருடைய கண்ணுக்குத் தெரியும். மீதிப் பாதி வீட்டுக்குள் போகிறவருடைய கண்ணுக்குத்தான் தெரியும். கல்வராயனில் இதற்கு ஒரு வரலாற்றுச் சுமையும் உண்டு. 1976 வரை ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்த மலை இது. இன்று எழுபத்தைந்து வயதிருக்கும் ஒருவர் அந்த ஆளுகை ஒழிந்தபோது இருபதுகளில் இருந்தவர். பிறப்புச் சான்றோ பள்ளிச் சான்றோ இல்லாத ஒரு தலைமுறை அது. வயதை நிரூபிக்க முடியாததால் பென்ஷன் மனு தள்ளிப்போகும்போது, அரசு மருத்துவர் வயதை மதிப்பிட்டுச் சான்று தருகிற வழக்கம் உண்டு. மருத்துவமும் வருவாய்த் துறையும் ஒரு முதியவருக்காக ஏற்கெனவே சந்தித்துக்கொள்ளும் இடம் அது. ஆனால் அந்தச் சந்திப்பு ஒரு கையெழுத்தோடு முடிந்துவிடுகிறது.

பல துறையினர் சேர்ந்து முதியவரைப் பார்ப்பதால் உண்மையிலேயே பலன் உண்டா? இதற்கான சான்று தொண்ணூறு ஆண்டுகளாகச் சேர்ந்துவருகிறது. 1935இல் லண்டனின் வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் மார்ஜரி வாரன் என்ற மருத்துவரிடம், பக்கத்து ஏழைகள் விடுதியில் கிடந்த எழுநூறுக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பொறுப்பு வந்தது. இனி தேறமாட்டார்கள் என்று படுக்கையில் விடப்பட்டவர்கள் பலர். வாரன் ஒவ்வொருவரையும் முறையாகப் பரிசோதித்து, செவிலியர், உடற்பயிற்சி தருபவர், சமூகப் பணியாளர் ஆகியோரைச் சேர்த்துக்கொண்டு, எழுந்து நடக்கக்கூடியவர்களை நடக்கவைத்தார். கணிசமானோர் வீடு திரும்பினார்கள். முதியோர் மருத்துவம் என்ற துறை அந்த வார்டுகளில் பிறந்தது. உடல், மனம், அன்றாடச் செயல்பாடு, வீட்டுச் சூழல் ஆகிய நான்கையும் ஒரு குழுவாக ஆராய்ந்து திட்டம் வகுக்கும் முறை அதிலிருந்து வளர்ந்தது. ஒன்பது நாடுகளில் 13,766 முதியவர்களை வைத்து நடந்த 29 ஆய்வுகளை காக்ரேன் ஆய்வமைப்பு 2017இல் தொகுத்துப் பார்த்தது. மருத்துவமனையில் இந்தக் குழு முறையில் பார்க்கப்பட்டவர்கள், சில மாதங்கள் கழித்து உயிரோடு தங்கள் வீட்டிலேயே இருப்பதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்பது அதன் முடிவு. தங்கள் வீட்டிலேயே என்பதைக் கவனிக்க வேண்டும். முதியவர்கள் பெரும்பாலோர் விரும்பிக் கேட்பது அதைத்தான்.

தமிழ்நாடு இதில் பின்தங்கிய மாநிலமல்ல. 1978இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோர் மருத்துவப் பிரிவைத் தொடங்கினார். 1996இல் இந்தியாவிலேயே முதன்முதலாக முதியோர் மருத்துவத்தில் எம்.டி. படிப்பு சென்னை மருத்துவக் கல்லூரியில் வந்தது. 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. பெருமைப்பட வேண்டிய வரிசைதான். ஆனால் மூன்றும் சென்னையில் இருக்கின்றன. மக்கள்தொகை பற்றி மத்திய அரசின் நிபுணர் குழு தந்த கணிப்பின்படி தமிழ்நாட்டில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 2021இல் நூற்றுக்கு 13.6 பேர், 2031இல் 18.2 பேர். இத்தனை பேருக்கும் முதியோர் மருத்துவ நிபுணரைக் கொண்டுவருவது எந்த அரசாலும் ஆகாது. நிபுணர் செய்கிற சிந்தனையின் ஒரு பகுதியையாவது, ஏற்கெனவே களத்தில் இருப்பவர்களின் கூட்டுப் பழக்கமாக்குவதே நடக்கக்கூடிய காரியம்.

பயிற்சியே இல்லாமலா இவர்கள் வேலை செய்கிறார்கள் என்று கேட்கலாம். பயிற்சி இருக்கிறது, தனித்தனியாக இருக்கிறது. சுகாதாரத் துறை தன் ஆட்களுக்குத் தருகிறது, வருவாய்த் துறை தன் ஆட்களுக்கு, கூட்டுறவுத் துறை தன் ஆட்களுக்கு. ஒவ்வொருவரும் தம் படிவத்தைச் சரியாக நிரப்பக் கற்றுக்கொள்கிறார்கள். அடுத்தவரின் வேலை என்ன, எதைப் பார்த்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பது எந்தப் பயிற்சியிலும் முக்கியப் பாடமாக இருப்பதில்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இலேயே வந்துவிட்டது. கவனிக்காமல் விடப்பட்ட முதியவர் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தை அணுகலாம். மாவட்ட சமூக நல அலுவலர் துணைக்கு இருக்கிறார். 14567 என்ற உதவி எண் இருக்கிறது. ஆனால் முதியவரின் கையில் காயத்தை முதலில் பார்க்கப்போவது மாத்திரை கொடுக்க வரும் பெண். இந்தச் சட்டத்தின் கதவு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2010இல் வெளியிட்ட செயல் சட்டகம் இந்தக் கூட்டுக் கல்விக்கு மூன்று அடையாளங்களைச் சொல்கிறது: வெவ்வேறு தொழில்காரர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர், ஒருவரிடமிருந்து ஒருவர், ஒருவரோடு ஒருவர் கற்பது. ஒரே மண்டபத்தில் எல்லோரையும் உட்காரவைத்துச் சொற்பொழிவு நிகழ்த்துவது இதில் சேராது.

இந்த வாதத்துக்கு எதிராகவும் ஒரு சான்று உண்டு. இத்தகைய கூட்டுக் கல்வியைப் பற்றி 2013இல் காக்ரேன் தொகுத்த 15 ஆய்வுகளில் ஏழில் நல்ல பலன் தெரிந்தது. நான்கில் கலவையான முடிவு. நான்கில் எந்த மாற்றமும் இல்லை. பயிற்சி கொடுத்துவிட்டால் ஒத்துழைப்பு தானாக வந்துவிடும் என்று நம்புகிறவர்களுக்கு இது எச்சரிக்கை. முதியோர் குழு முறைக்கு இருக்கும் உறுதியான சான்றையும், கூட்டுப் பயிற்சிக்கு இருக்கும் தயக்கமான சான்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான்: சேர்ந்து வேலை செய்யும் ஏற்பாடு இருக்கும் இடத்தில்தான் சேர்ந்து கற்றது நிலைக்கிறது. இரண்டு நாள் முகாம், சான்றிதழ், குழுப் புகைப்படம் என்று முடித்துக்கொண்டால் மறுநாளே ஆளாளுக்குத் தம் படிவத்துக்குத் திரும்பிவிடுவார்கள். பயிற்சியும் மாதாந்தரக் கூட்டமும் ஒன்றாகவே தொடங்க வேண்டும். பயிற்சியின் பாடநூல் அந்த மலையின் வீடுகளாக இருக்க வேண்டும்.

அப்படி நடந்த இடங்கள் நமக்கு அந்நியமானவை அல்ல. கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய நோய்த்தணிப்புச் சங்கத்தின் அனுபவத்திலிருந்து, மலப்புறத்தில் அக்கம்பக்கத்தார் வலையமைப்பு உருவானது. ஊரின் தன்னார்வலர்கள், செவிலியர், மருத்துவர் மூவரும் ஒரே நோயாளியைப் பற்றி ஒரே கூட்டத்தில் பேசினார்கள். புண்ணுக்கு மருந்து கட்டுவதையும், பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு என்ன செய்வது என்பதையும் அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை. 2008இல் கேரள அரசு அதைக் கொள்கையாகவே ஏற்று, பஞ்சாயத்துகளின் கையில் கொடுத்தது. கோவாவில் மறதி நோயாளிகளின் குடும்பங்களிடையே நடந்து 2008இல் வெளிவந்த ஆய்வில், குறுகிய பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள் மனநல மருத்துவரின் மேற்பார்வையோடு வீடுவீடாகப் போனார்கள். பராமரிப்பவர்களின் மனச்சுமை குறைந்தது. இன்னும் பக்கத்தில் பார்ப்பதென்றால், கல்வராயனுக்கும் சித்தேரி மலைக்கும் நடுவில் இருக்கும் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கைப் பார்க்கலாம். மருத்துவத் தம்பதியான ரெஜியும் லலிதாவும் 1993இல் அங்கே பழங்குடியினர் சுகாதார முயற்சியைத் தொடங்கியபோது, மலையாளிப் பழங்குடிப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். அந்தப் பணி பின்னர் இயற்கை வேளாண்மைக்கும் கைத்தொழிலுக்கும் விரிந்தது. உடல்நலத்தையும் வாழ்வாதாரத்தையும் ஒரே குழுவால் பார்க்க முடியும் என்பதற்கு, கல்வராயன் மக்களின் உறவுமுறைக்காரர்கள் வாழும் அந்தப் பள்ளத்தாக்கே சாட்சி.

முதலில் சாலை போடுங்கள், ஆம்புலன்ஸ் கொடுங்கள், பிறகு பயிற்சியைப் பேசலாம் என்று மலையில் ஒருவர் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. 2024 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றமே கல்வராயன் மக்களின் வாழ்நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொள்ளும் அளவுக்கு அடிப்படை வசதிகள் குறைந்த மலை இது. சாலைக்கு மாற்றாகப் பயிற்சியை யாரும் வைக்கக் கூடாது. ஆனால் வசதி வந்துவிட்டால் மட்டும் முதியவர் அங்கே போய்ச் சேர்ந்துவிடுவதில்லை என்பதற்கும் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. அரவிந்த் கண் மருத்துவமனையினரும் பிற ஆய்வாளர்களும் சேர்ந்து தென்தமிழகக் கிராமங்களில் நடத்தி 1999இல் வெளியிட்ட ஆய்வில், கண் குறைபாடு இருந்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேர்தான் இலவச முகாமுக்கு வந்திருந்தார்கள். சிகிச்சைக்குப் பணம் கேட்கவில்லை. பயம் தடுத்தது, கூட்டிப்போக ஆளில்லாமை தடுத்தது, குடும்பப் பொறுப்பு தடுத்தது, பார்வை மங்கியதை வயதின் இயல்பென்று எண்ணியது தடுத்தது. இவற்றில் ஒன்றைக்கூடக் கண் மருத்துவரால் தனியாகத் தீர்த்துவைக்க முடியாது. கூட்டிப்போக ஆளை ஏற்பாடு செய்வதும், அதுவரை ஆட்டை யார் மேய்ப்பது என்று பேசுவதும் வேறொருவருடைய வேலை. அந்த வேறொருவரும் கண் மருத்துவரும் ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டும்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் வேலைச்சுமையைப் பற்றியது. சுகாதாரத் தன்னார்வலர் மாதச் சம்பளக்காரர் அல்ல, ஊக்கத்தொகைக்கு உழைப்பவர். மலையில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஓடையும் மேடும் இருக்கும். இருக்கிற வேலைக்கே கூலி போதாதபோது இன்னொரு பயிற்சி, இன்னொரு கூட்டம் என்றால் அது சுரண்டலாகத்தான் முடியும். எனவே பயிற்சி நாளுக்கும் கூட்ட நாளுக்கும் கூலியும் பயணப்படியும் கொடுத்தே ஆக வேண்டும். புதிய பதிவேடு எதையும் சேர்க்கவும் கூடாது. கூட்டு வேலை சரியாக நடந்தால் சுமை குறையவும் செய்யும். பென்ஷன் ஏன் நின்றது என்று ஆயா மாதாமாதம் தன்னார்வலரிடம்தான் அழுகிறார். தன்னார்வலருக்குப் பதில் தெரியாது. அவர் கேட்டுக்கொண்டு நிற்கிறார், மனம் நொந்து போகிறார். யாரிடம் சொன்னால் காரியம் ஆகும் என்று தெரிந்துவிட்டால் அந்தப் பாரம் பாதியாக இறங்கும்.

பெற்றோரைப் பார்த்துக்கொள்வது பிள்ளைகளின் கடமை, அதில் அரசு ஊழியர்கள் கூடிப் பேச என்ன இருக்கிறது என்ற குரலும் வரும். கடமையில் சந்தேகமில்லை. பிள்ளைகள் பிழைப்புக்காக மலையிறங்கிப் போவதும் பெற்றோருக்குப் பணம் அனுப்பத்தான். வெளியூரில் இருக்கும் மகனுக்கு அம்மாவின் உடல்நிலையை ஒரு தொலைபேசி அழைப்பில் நம்பகமாகச் சொல்ல ஒருவர் இருந்தால் குடும்பத்தின் கைதான் வலுப்படும். இதைவிட எனக்குக் கவலை தருவது ரகசியம் பற்றிய கேள்வி. சின்ன ஊர், ஒருவருடைய நோய் பத்துப் பேர் வாயில் புகுந்துவிடக் கூடாது. ரேஷன் கடை ஊழியருக்கு ஆயாவின் நோய் என்னவென்று தெரியத் தேவையில்லை. ‘பாட்டி போன மாதம் என்னை அடையாளம் தெரிந்து பேசினார், இந்த மாதம் யாரென்று கேட்டார்’ என்பதைச் செவிலியரிடம் சொல்லத் தெரிந்தால் போதும். தகவல் உள்ளே போகட்டும், வெளியே வர வேண்டாம். அதையும் முதியவரைக் கேட்டு, அவர் சம்மதத்தோடு செய்ய வேண்டும். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பது கூட்டுப் பயிற்சியின் முதல் பாடமாக இருக்கட்டும்.

இன்னொரு தடை கூச்சம். மருத்துவர் உட்கார்ந்திருக்கும் அறையில் தன்னார்வலர் வாய் திறப்பதில்லை. தாசில்தார் இருந்தால் ரேஷன் கடைக்காரர் நிற்கவே தயங்குவார். பயிற்சியின் பெரும்பகுதி இதை உடைப்பதில்தான் செலவாக வேண்டும். முதியவரைக் கடைசியாக நேரில் பார்த்தவர் முதலில் பேசுவது, மருத்துவர் கடைசியில் பேசுவது என்று வரிசையை மாற்றி வைத்தாலே பேச்சின் தன்மை மாறும். இது மருத்துவரின் அதிகாரத்தைக் குறைப்பதாகாது. மருந்தை முடிவு செய்வது அவர்தான். முடிவுக்கு வேண்டிய விவரம் முழுதாக அவர் கைக்கு வருகிறது.

மாணவர்களிடமிருந்து தொடங்குவது இன்னும் எளிது. கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. மருத்துவ மாணவர்கள் முதலாண்டிலிருந்தே சில கிராமக் குடும்பங்களைத் தத்தெடுத்துத் தொடர்ந்து போய்ப் பார்க்க வேண்டும் என்பது இப்போது பாடத்திட்டத்தில் இருக்கிறது. சமூகப் பணி மாணவர்களுக்குக் களப்பயிற்சி கட்டாயம். செவிலியர் மாணவர்களுக்குச் சமுதாய நலப் பயிற்சி கட்டாயம். மூன்று தரப்பும் தனித்தனி நாளில் தனித்தனி ஊருக்குப் போவதற்குப் பதிலாக, ஒரே நாளில் ஒரே வீட்டுக்குப் போய், ஒரே அறிக்கையை எழுதலாம். 2021இன் துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் இயன்முறை மருத்துவரையும் மருத்துவச் சமூகப் பணியாளரையும் ஒரே பட்டியலுக்குள் கொண்டுவந்திருப்பதால், கல்லூரிகள் இதை யோசிக்கச் சட்ட ரீதியான அடித்தளமும் இருக்கிறது.

பணியில் இருப்பவர்களுக்கு, மலைமேல் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் மாதம் ஒரு நாள் போதும். காலையில் இரண்டு மூன்று வீடுகளுக்குச் சேர்ந்து போவது. மதியம் உட்கார்ந்து, அந்த முதியவர்களின் பார்வை, கேட்கும் திறன், நடை, நினைவு, சாப்பாடு, மனநிலை ஆகிய ஆறையும் பேசுவது. முதியோர் நலனுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் கையேடும் ஏறக்குறைய இந்த ஆறைத்தான் கவனிக்கச் சொல்கிறது. அதோடு பென்ஷன், ரேஷன், வீடு, துணை ஆகிய நான்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். யார் எதைச் செய்வது, எந்தத் தேதிக்குள் செய்வது என்று அங்கேயே முடிவாக வேண்டும். அடுத்த மாதக் கூட்டம் அந்த முடிவுகளைச் சரிபார்ப்பதிலிருந்து தொடங்க வேண்டும். இதை யார் கூட்டுவது என்பதில்தான் இதுபோன்ற யோசனைகள் நின்றுபோகின்றன. சுகாதாரத் துறை கூப்பிட்டால் வருவாய்த் துறை வராது, வருவாய்த் துறை கூப்பிட்டால் கூட்டுறவுத் துறை ஆளை அனுப்பாது. எல்லாத் துறைகளையும் ஒரு மேசைக்கு அழைக்கும் அதிகாரம் மாவட்டத்தில் ஆட்சியரிடம் இருக்கிறது. ஊழியர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள், கட்டடம் இருக்கிறது, மாத்திரையும் அரிசியும் பென்ஷனும் திட்டத்தில் இருக்கின்றன. ஒரு நாள் கூலியும் பயணப்படியும் ஒதுக்கி, கரியாலூர் சுற்றுவட்டாரத்துக்கு மட்டும் ஓராண்டு நடத்திப் பார்க்க ஆட்சியரின் ஓர் உத்தரவு போதும்.